ஊர் பேர் எழுதிய படங்கள்

விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றங்கரையில் கோயில் கொண்டிருக்கும் விருத்தகிரீசுவரரின் ஆலயத்துக்கு 1974-ஆம் ஆண்டில் புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த புகைப்படக்காரர்கள் வந்தார்கள். பிராகாரங்களைச் சுற்றிவந்து, கோஷ்டங்களில் நின்ற கற்சிலைகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, எந்த ஊர், எந்த ஆலயம், எந்த மூர்த்தி என்பதைக் குறித்துக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார்கள். நாள்தோறும் அந்த மூர்த்திகளைச் சேவித்துவந்த ஊராருக்கு அது ஒரு செய்தியாகவே பட்டிருக்காது. கண்ணெதிரே கல்லாக நிற்கும் ஸ்வாமியைக் காகிதத்தில் பதித்து வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன என்று எவரேனும் கேட்டிருந்தால், அன்று அதற்குத் திருப்தியான விடை சொல்வதும் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும்.

விடை பல ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. சிட்னி நகரிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-ல் சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்றை விலைக்கு வாங்கிக் காட்சியில் வைத்திருந்தது. கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடம் அதற்கு அடுத்த ஆண்டில் பிரத்தியங்கிரா தேவியின் சிலை ஒன்றை வாங்கியிருந்தது. இரண்டும் நியூயார்க் சிலை வியாபாரி சுபாஷ் கபூரின் கைவழியே போனவை. இவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி எழுந்தபோது, புதுச்சேரியில் பத்திரமாக இருந்த அந்தப் பழைய படங்கள் சாட்சி சொல்லின: இரண்டு மூர்த்திகளும் விருத்தாசலத்து ஆலயத்தில் நின்றவை! அர்த்தநாரீசுவரரை 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லியில் நம் பிரதமர் நரேந்திர மோடியிடம் ஒப்படைத்தார். அந்த மூர்த்தியோடு கூடவே, நம் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜரும் நாடு திரும்பினார். பிரத்தியங்கிரா தேவி 2016-ல் வந்தாள்.

விருத்தாசலம் பக்கத்துக் கருவேப்பிலங்குறிச்சியில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்கு, புகைப்படக் கலையைப் பற்றி யார் எது கேட்டாலும் முதலில் சொல்லத் தோன்றுவது இந்த வரலாறுதான். ஊர் ஊராகச் சென்று படமெடுக்கும் ஒருவனுடைய தொழில் எத்தனை கனமானது என்பதை விளக்க இதைவிட நெருங்கிய திருஷ்டாந்தம் எனக்குக் கிடையாது. அந்தப் படங்களில் கலைநயம் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். நேரே நின்று, சிலையின் உருவம் முழுதும் தெரியும்படி, ஒளி ஒழுங்காக விழும்படி எடுக்கப்பட்ட சாதாரணப் படங்கள் அவை. அவற்றுக்குப் பலம் கொடுத்தது உடன் எழுதிவைத்த குறிப்பு. அந்தக் குறிப்பு மட்டும் இல்லாதிருந்தால், தென்னாட்டு ஆலயம் ஏதோ ஒன்றிலிருந்த அழகிய சிலை என்பதற்கு மேல் அந்தப் படம் ஒரு வார்த்தையும் பேசியிருக்காது.

1955-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் அடுத்த ஆண்டு முதலே தென்னிந்திய ஆலயங்களைப் படமெடுக்கும் திருப்பணியில் இறங்கியது. பெரிய க்ஷேத்திரங்களோடு நின்றுவிடாமல், பஸ்ஸும் போகாத கிராமங்களில் கூரை சரிந்து, நெருஞ்சி மண்டிக் கிடந்த சிறு கோயில்களையும் அவர்கள் விடவில்லை. இவ்வாறு சேர்ந்த படங்கள் இன்று லட்சத்துக்கும் மேற்பட்டவை. புதுச்சேரியில் கடலோரமாக உலாவப் போகிறவர்கள் காந்தி சிலையையும் 1836-ல் எழுந்த பழைய கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவ்விடத்துக்குச் சமீபத்திலேயே நம்முடைய ஊர்க் கோயில்களின் உருவங்கள் இத்தனை காலமாகக் காவலில் இருந்திருக்கின்றன என்பது அவர்களில் அநேகருக்குத் தெரியாது.

இந்தக் காரியத்துக்குத் தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கு முந்திய முன்னோடி ஒருவர் உண்டு. லின்னேயஸ் டிரைப் என்பது அவர் பெயர். 1822-ல் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் டெவன்போர்ட் என்னும் துறைமுக ஊரில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் உத்தியோகம் ஏற்று வந்தவர். விடுமுறையில் தாய்நாடு சென்றிருந்தபோது, அப்போது புதிதாக இருந்த புகைப்பட வித்தையைக் கற்றுக்கொண்டார். 1854-ல் ஹளேபீடு, பேலூர் ஆலயங்களையும், மறு வருஷம் பர்மிய அரசரிடம் சென்ற தூதுக்குழுவோடு போய் அந்நாட்டுப் பகோடாக்களையும் படமெடுத்த அவரை, 1856-ல் சென்னை அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்தது. கட்டடங்களும் சிற்பங்களும் சாசனங்களும் அழிந்துபோவதற்கு முன்பே அவற்றின் உருவத்தைப் பிடித்துவைக்க வேண்டும் என்பது அந்த நியமனத்தின் நோக்கம்.

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட டிரைப், ராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு ஆகிய இடங்களையெல்லாம் சில மாதங்களில் சுற்றி முடித்துச் சென்னை வந்து சேர்ந்தார். மூட்டை முடிச்சுக்கள் மாட்டு வண்டிகளில் வந்தன. இன்று சட்டைப் பையில் அடங்கிவிடும் கருவிக்கு அன்று வண்டி ஏன் வேண்டியிருந்தது என்பதை அறிய, அவர் ஒரு படம் எடுத்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் சிறு நெகட்டிவிலிருந்து பெரிய படம் போடும் சௌகரியம் நடைமுறையில் இல்லாததால், படம் எத்தனை பெரிதாக வேண்டுமோ அத்தனை பெரிய நெகட்டிவும், அதற்கேற்ற பெட்டி போன்ற கேமராவும் தேவைப்பட்டன. டிரைப் பெரும்பாலும் பயன்படுத்திய நெகட்டிவ் ஓரடிக்கு மேல் நீளமுள்ள காகிதம். அதில் ஒளி புகும்படி மெழுகு ஏற்றி, ரசாயனத்தில் ஊறவைத்து உலர்த்தி, பிறகு இருட்டில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து எடுக்க வேண்டும். கண்ணாடித் தகட்டைக் கொண்டு எடுக்கும் வேறொரு முறையும் அப்போது வந்துவிட்டிருந்தது. ஆனால் தகட்டில் பூசியது ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். நம் நாட்டு வெயிலில் அது நிமிஷக் கணக்கில் உலர்ந்துவிடும். காகிதமோ சில நாட்கள் பொறுத்திருக்கும். ஆதலால் இரு கண்ணாலும் பார்த்து ஆழத்தை உணரும் ஸ்டீரியோ என்ற இரட்டைப் படங்களுக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, பெரிய படங்களுக்குப் பெரும்பாலும் அவர் காகிதத்தையே நம்பினார். லென்ஸின் மூடியைத் திறந்து, நிமிஷக் கணக்கில் காத்திருந்து, மீண்டும் மூடி, கூடாரத்து இருளில் காலிக் அமிலத்தில் அந்தக் காகிதத்தைக் கிடத்தினால், கோபுரமும் மண்டபமும் வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் மெல்ல மெல்ல எழுந்து வரும். இந்தக் காத்திருப்பின் விளைவுதான் அவருடைய மதுரை வீதிகளிலும் திருச்சிக் கடைத்தெருவிலும் மனித சஞ்சாரமே இல்லாததுபோல் தோன்றுவது. நடமாடியவர்கள் காகிதத்தில் பதியுமளவுக்கு ஓரிடத்தில் நிற்கவில்லை.

அந்தக் காகிதத்துக்கு நீல ஒளியிடம் அளவுகடந்த பட்சபாதம் இருந்தது. பச்சை மரங்கள் கறுத்துப்போகும். ஆகாயமோ முழுவதும் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும். டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகை கொண்டு மேகங்களைத் தீட்டினார். இலைகளுக்கும் உருக் கொடுத்தார். சாட்சிக்காக எடுத்த படத்தில் சித்திர வேலை கலக்கலாமா என்று இன்றைக்குச் சிலர் ஆக்ஷேபிக்கக்கூடும். ஆகாயத்தைத் தொட்டாரே தவிர ஆலயத்தைத் தொடவில்லை என்பதனால், எனக்கு அதில் குறை காணத் தோன்றவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த காரியம் ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது. ஸ்ரீவிமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுக்களை முழுமையாகப் பதிய எண்ணி, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி இருபத்தொரு படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிப் பத்தொன்பது அடி நீளமுள்ள ஒரே சித்திரமாகச் செய்தார். தமிழ் எழுத்தைப் படிக்க வல்லவர்கள் உலகில் எங்கிருந்தாலும் அதைக் கொண்டு ராஜராஜனுடைய சாசனத்தைப் பார்க்கலாம் என்பது எண்ணம். அந்தச் சாசனங்களைக் கல்வெட்டு ஆராய்ச்சியாளர் டாக்டர் ஹூல்ட்ஷ் அச்சிட்டு வெளியிடத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்பு. தஞ்சைப் படங்களின் தொகுதிக்கு விளக்கக் குறிப்பு எழுதியவர், நமக்கெல்லாம் திருவாசக மொழிபெயர்ப்பால் அறிமுகமான போப்பையர். மதுரையில் எடுத்த படங்களோ, திருமலை நாயக்கர் மஹால் 1860-களின் பிற்பகுதியில் சென்னைக் கவர்னர் நேப்பியர் பிரபுவின் முயற்சியால் பழுது பார்க்கப்படுவதற்கு முன்னால் எப்படி இடிந்து கிடந்தது என்பதைக் காட்டுகின்றன. தொகுதிகள் யாவும் ஊர்வாரியாக, இன்ன இடம், இன்ன பக்கத்துத் தோற்றம் என்ற தலைப்புக்களோடு வெளிவந்தன.

இத்தனை சிரமமும் நீடிக்கவில்லை. 1857-ன் கலகத்துக்குப் பிறகு கஜானா வற்றியிருந்த சமயம். 1859-ல் சென்னைக் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இது அரசாங்கத்துக்குத் தகாத ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார். டிரைப் அதன் பின் பெரிதாக எதுவும் படமெடுக்கவில்லை. பிறந்த ஊருக்கே திரும்பி, 1902-ல் காலமானார்.

அவரைப் போல அரசாங்க உத்தரவோடு போகாமல், தன் சொந்தச் சங்கல்பத்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கடல்களையும் பட்டணங்களையும் கடந்த தமிழர் கோட்டையூர் ஏ. கே. செட்டியார். 1911-ல் பிறந்து, ரங்கூனில் பத்திரிகை நடத்தி, டோக்கியோவிலும் பிறகு நியூயார்க்கிலும் புகைப்படக் கலை பயின்ற அவர், 1937-ல் நியூயார்க்கிலிருந்து திரும்பும் கப்பல் பிரயாணத்தில், மகாத்மா காந்தியின் வாழ்க்கையைப் படச்சுருள்களால் தொகுக்க வேண்டும் என்று தீர்மானித்தார். இதற்காக அவர் அலைந்த தூரம் ஒரு லட்சம் மைல் என்பார்கள். முப்பது வருஷ காலத்தில் சுமார் நூறு பேர் எடுத்து, உலகின் பல மூலைகளில் சிதறிக் கிடந்த சுருள்களைத் தேடி ஐம்பதினாயிரம் அடி சேகரித்து, அதிலிருந்து பன்னிரண்டாயிரம் அடியைத் தேர்ந்து கோத்த படம், 1940 ஆகஸ்டில் சென்னையில் திரையிடப்பட்டது. பிறர் எடுத்த சுருளை இன்ன ஊர், இன்ன வருஷம் என்று நிச்சயிக்க முடியாமற் போனால் அந்த மாலையை எப்படிக் கோத்திருக்க முடியும்? பெட்டிகளின் மேல் எவரோ கிறுக்கிவைத்த நாலு எழுத்துக்கள்தாம் அவருக்கு வழிகாட்டிகளாக இருந்திருக்க வேண்டும். பின்னாளில் நாற்பது ஆண்டுகள் அவர் நடத்திய ‘குமரி மலர்’ பத்திரிகையிலும், தொகுத்த பழைய பயணக் கட்டுரைகளிலும், ஊரையும் காலத்தையும் விடாமல் பிடித்துவைக்கும் அதே கவனத்தைக் காணலாம்.

அந்தக் கவனத்தோடு இன்று நாம் படமெடுக்கப் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு; சமுத்திரக் கரைக்கு வருவோம். நம் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடாது. மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் போய்ப் பரங்கிப்பேட்டையில் சமுத்திரத்தை அடைகிறது. ஆற்றின் போக்கிலேயே பஸ் ஏறினால் அரை நாளில் அங்கே போய்விடலாம். 1781-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் போர் புரிந்த களம் அது; 1830-ல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் இரும்பு உருக்காலை வைத்த இடமும் அதுவே. இன்று அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தெற்கே, வெள்ளாற்று முகத்துக்கும் கொள்ளிடத்து முகத்துக்கும் இடையில், பிச்சாவரத்துச் சதுப்புக் காடு.

சோழமண்டலக் கரையில் படமெடுக்கப் போகிறவர் முதலில் சூரியனோடு ஓர் உடன்படிக்கைக்கு வர வேண்டும். இக்கரை கிழக்கே பார்த்தது. உதயம் கடலில், அஸ்தமனம் தென்னந்தோப்புக்கும் சவுக்குத் தோப்புக்கும் பின்னால். பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் நம் சூரியன் சாய்ந்து சாய்ந்து எழாமல் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறிவிடுகிறது. ஐரோப்பியக் கடற்கரைகளில் நெடுநேரம் தங்கும் அந்தப் பொன்னொளி இங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்பதில்லை. மார்கழியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து இருபத்து நான்கு பாகை தெற்கே தள்ளி உதிக்கும் என்பதையும் அறிந்து, முந்திய நாளே இடம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் உதயசூரியனையே குறி வைக்கிறார்கள். கிடைப்பது ஆகாயத்தில் ஒரு வட்டமும், கீழே கறுத்த படகு ஒன்றும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள்! அந்த ஒளி முழுவதும் கரையேறும் படகுகளின் வர்ணத்திலும், வலையை உதறும் கைகளிலும், மீன் ஏலம் கூறுகிறவரின் முகத்திலும் விழுந்திருக்கும். உப்புச் சாரல் லென்ஸில் படிந்தால் அழுத்தித் துடைக்காமல், மணலை முதலில் ஊதிவிட்டுப் பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

வெள்ளாற்று முகத்திலுள்ள அன்னங்கோயில் மீன் இறங்குதளத்தில், கூடையருகே உட்கார்ந்து கிழங்கான் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தி, நான் கேமராவை எடுத்ததைக் கண்டு சொன்னாள்: “எடுத்துக்க தம்பி, வேணாங்கல. ஆனா அன்னங்கோயில்னு பேரு போட்டு எடு. முன்ன ஒருத்தங்க எடுத்துட்டுப் போயி வேற எந்த ஊரு பேரையோ போட்டுட்டாங்களாம். எம் பேரன் பாத்துட்டு வந்து சொன்னான். எங்க ஊரு எங்க ஊருதான தம்பி?”

ஆராய்ச்சி நிறுவனத்தார் ஏட்டில் குறித்துவைத்துக் காத்த முறையை அந்த அம்மாள் தன் உரிமையாகக் கேட்டாள். அழகிய கடற்கரை என்று மட்டும் தலைப்பிட்ட படத்தில் அவளுக்கும் அவள் ஊருக்கும் இடமில்லை. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை ஒரே இரவில் கொண்டுபோயிற்று; ரயில் நிலையமும் கோயிலும் வீடுகளுமாக இருந்த அந்தத் துறைமுகப் பட்டணத்தின் பழைய படம் எதுவானாலும், இடமும் வருஷமும் குறித்திருந்தால், இன்று அதற்கு விலையே இல்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து போனபின் கடலூர், நாகப்பட்டினம் கரைகளில் எத்தனையோ குப்பங்கள் இடம் மாறி எழுந்தன. அவற்றின் முந்திய தெருக்களும் கோயில்களும் எப்படி இருந்தன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது? சென்னையில் கடை வைத்திருந்த நிக்கலஸ் கம்பெனியாரும் வீல் அண்டு கிளைன் கம்பெனியாரும் பழைய சென்னைக் கரையையும், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளையும் படமெடுத்து விற்றார்கள். வியாபாரத்துக்குச் செய்ததே ஆனாலும், அடியில் ஊரின் பெயரைப் பொறித்ததால் அவை இன்று சரித்திரமாகிவிட்டன.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பாத்திரம் பச்சை மண்ணாக இருக்கும்போதே முத்திரையைக் குத்திவிடுவார்கள். சூளையில் வெந்த பின்பு அது பதியாது. படத்துக்குக் குறிப்பு எழுதுவதும் அப்படித்தான். எடுத்த அன்று ஊர், துறை, தேதி, நிற்பவர் சம்மதித்தால் அவர் பெயர், செய்யும் தொழில், கையிலுள்ள வலைக்கு அவர்கள் சொல்லும் பெயர் என்று நாலு வரி எழுதிவைக்க ஐந்து நிமிஷம் போதும். கைப்பேசி தேதியைத் தானே குறித்துவிடும். இடத்தையும் ஒருவாறு குறிக்கும். ஆனால் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும்போதே அந்தக் குறிப்பு பெரும்பாலும் உதிர்ந்துவிடுவதால், அதை நம்பிச் சும்மா இருப்பதற்கில்லை.

இவ்விஷயத்தில் புதுச்சேரி நிறுவனத்தார் இன்னொரு நற்காரியமும் செய்திருக்கிறார்கள். 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுத் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, ஊர் ஊராகத் தேடிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். அலை வீசும் கடற்கரையைத் திரைச்சீலையில் எழுதித் தொங்கவிட்டு, அதன் முன் புதுமணத் தம்பதிகளை உட்காரவைத்துப் படமெடுத்த பழைய ஸ்டூடியோக்கள் நம் பக்கத்து ஊர்களிலும் இருந்தன. கடை மூடியபோது கண்ணாடி நெகட்டிவ்கள் பழைய சாமான்காரரிடம் போயின. எஞ்சியவை எந்த வீட்டுப் பரணில் இருந்தாலும், வீட்டிலுள்ள பெரியவர்கள் அடையாளம் சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே, பின்புறத்தில் பென்சிலால் பெயர்களை எழுதிவிட வேண்டும்.

நம் வட்டாரத்தில் இன்னும் ஒழுங்காகப் படமெடுத்துச் சேர்க்கப்பட வேண்டியதாக நான் கருதும் பிரயாணம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் மாசி மகத்தையொட்டி ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி ஊரைவிட்டுப் புறப்பட்டு, வழியெல்லாம் மண்டகப்படி ஏற்று, கிள்ளைக்குச் சென்று முழுக்குத்துறையில் கடலாடுகிறார். கிள்ளையில் தர்காவின் எதிரே பெருமாள் நிற்க, முஸ்லிம்கள் மாலை மரியாதை செய்து வரவேற்பது நெடுங்கால வழக்கம். தீர்த்தவாரியன்று கரையில் கூடும் ஜனத்திரளைப் படமெடுக்க எத்தனையோ பேர் வருகிறார்கள். நடுவில் பெருமாள் தங்கும் கிராமங்களை, பல்லக்குச் சுமக்கும் தோள்களை, எதிர்கொள்ளும் மண்டபங்களைப் படமெடுப்பவர்கள் மிகவும் குறைவு. கேமரா வைத்திருக்கும் நம் ஊர் இளைஞர்கள் சிலர் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தே கூட நடந்து, ஒவ்வொரு மண்டகப்படியையும் ஊரின் பெயரோடும் நாளோடும் பதிந்து, ஒரு பிரதியைக் கோயிலிலும் மற்றொன்றைத் தர்காவிலும் கொடுத்து வைப்பார்களானால் நன்றாக இருக்கும். வருகிற மாசியிலேயே இதைத் தொடங்கலாம்.